தலையை எண்ணினால் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வளரும் பெரிய நாடுகளின் பொருளாதாரத்தை உயர்த்துவது மக்கள்தொகையா, மக்களின் திறனா என்ற தலைப்பில், திறனே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் வயதுக் கணக்கை அடுக்கினார். 2023-ல் மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்திவிட்டது. இந்தியரில் பாதிப் பேர் 30 வயதுகூட ஆகாதவர்கள். இனி வளர்ச்சி நம் பக்கம்தான் என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அவரிடம் ஒரு கேள்வி. 1960-ல் பிரேசிலிலும் தென்கொரியாவிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். அப்புறம் இரண்டு நாட்டிலும் பிறப்பு குறைந்தது, உழைக்கும் வயதினர் பெருகினார்கள். தலைக்கு வருமானத்தில் அன்று பிரேசில்தான் முன்னால் நின்றது. இன்று தென்கொரியரின் வருமானம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆள் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க, இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கொரியா தன் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தது. படித்து வெளியே வந்தபோது ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

சீனாவையும் நண்பர் சாட்சிக்கு அழைத்தார். நானும் அழைக்கிறேன். 1962-ல் சீனக் கிராமம் ஒன்றில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 1980-ல் ஷென்சென் நகரம், வெளிநாட்டு முதலீட்டுத் தொழிற்சாலைகளை வரவேற்கும் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆகிறது. அவளுக்கு 18 வயது. ‘வெறுங்கால் மருத்துவர்கள்’ என்று பெயர் பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடம் தடுப்பூசி போட்டுக்கொண்டு வளர்ந்த உடம்பு. பள்ளிக்கூடம் பார்த்தவள், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை அவளே படித்துக்கொள்வாள். அதற்கு அடுத்த ஆண்டு இந்தியாவில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 30 சதவீதம்கூட இல்லை. ஆளுக்கா பஞ்சம்? அன்றைக்கே 68 கோடிப் பேர் இருந்தோம்!

நைஜீரியாவில் பாதிப் பேர் 18 வயதை ஒட்டியவர்களும் அதற்குக் கீழானவர்களும். இளமைக்குக் குறைவில்லை. ஆனால் 2014-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்த பிறகு பொருளாதாரம் வளர்ந்த வேகத்தை மக்கள்தொகை வளர்ந்த வேகம் விழுங்கிவிட்டது. தலைக்கு வருமானம் தேய்ந்தது.

‘2022 முதல் சீனாவில் மக்கள்தொகை சுருங்குகிறதே, வளர்ச்சியும் தளர்கிறதே’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆள் குறைந்தால் சுமை கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகப் பொருத்தப்படும் தொழிற்சாலை ரோபோக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போகின்றன. அவற்றைச் செய்யவும் ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். குறைகிற கைகளை வைத்துச் சமாளிக்க வழி தேடுவதும் திறன்தானே?

எனக்கு உண்மையிலேயே பதற்றம் தருவது இந்தியாவின் கணக்கு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.0 பிள்ளைகள்தான். பெற்றோர் இருவருக்கு ஈடாக வரவேண்டிய 2.1-க்கும் கீழே வந்துவிட்டோம். இந்த இளமை கரைந்துகொண்டிருக்கிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்களின் பங்கோ 2017–18-ல் 23 சதவீதம். 2023–24-ல் அது 42-ஐ நெருங்கியது மகிழ்ச்சிதான்; ஆனால் கூடியவர்களில் பலர் சொந்த வயலிலும் குடும்பத் தொழிலிலும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்கிறது பிள்ளைகளின் கல்வித்தரத்தை அளக்கும் 2024 ஏசர் ஆய்வு. பத்து வயதுப் பிள்ளை, ஒரு பத்தி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, பாதியில் நின்றுவிடுகிறது. 2050-ல் அதற்கு 35 வயது தாண்டியிருக்கும், உழைப்பின் உச்ச வயது. அந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் எதிரணியினர் தங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.