ஆலைத் தொழிலாளிக்கு ஸ்லேட் கூரை வீடு: யார் இந்த ஹியூ சிஷோம்?

வணக்கம். 1913-இல் உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பெயருடன் நியூயார்க்கில் எழுந்த உல்வொர்த் கட்டடத்தை வடிவமைத்தவர் காஸ் கில்பர்ட். அதே கலைஞர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு காகித ஆலையின் தொழிலாளர்களுக்கு வாடகை வீடுகளை வரைந்து கொடுத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? வரையச் சொன்ன முதலாளி ஹியூ சிஷோம்.

முன்கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1847-இல் கனடாவில் பிறந்த அவர், சிறுவயதில் ரயிலில் செய்தித்தாள் விற்றார். அதே ஆண்டில் பிறந்த எடிசனும் அந்த வேலை பார்த்தவர்தான். செய்தித்தாள் விற்ற பையன் வளர்ந்து, அந்தத் தாளையே செய்யும் தொழிலில் இறங்கி, 1898-இல் பல ஆலைகளை இணைத்து இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஆண்ட்ரோஸ்கோகின் ஆறு அருவியாக விழும் ரம்ஃபோர்டில் அவர் கண் பதிந்தது. மரக்கட்டையைச் சுழலும் கல்லில் அழுத்தி அரைத்துக் கூழாக்க நீரின் விசை வேண்டும். அங்கே விசையும் இருந்தது, காடும் இருந்தது. ரயில் வந்தது, ஆலைகள் வந்தன, ஊர் வந்தது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. நான் பேசிக்கொண்டிருப்பது கானாடுகாத்தானில், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் ஒரு நகரத்தார் வீட்டின் முகப்பில். முகப்பில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் கேட்காது. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய பணம், பர்மாத் தேக்காகவும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சாகவும் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, சொந்தக் குடும்பத்தின் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி நின்றுவிட்டது. சிஷோமோ பணம் விளைந்த இடத்திலேயே, 1900-களின் தொடக்கத்தில், செங்கல் சுவரும் ஸ்லேட் கல் கூரையுமாகத் தொழிலாளர் குடியிருப்பை எழுப்பினார். ஆனாலும் செட்டியார் பெருமைக்கு அவரும் குறைந்தவரல்லர்: குடியிருப்புக்குத் தம் முன்னோரின் ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டி, ஸ்ட்ராத்கிளாஸ் பார்க் என்றார். இதை வெறும் தருமம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல வீடு கிடைத்தவன் வேலையை விட்டு ஓடமாட்டான்; கொடுத்த கூலியில் ஒரு பங்கு வாடகையாகவும் திரும்பி வரும். கணக்குப்பிள்ளை வைத்துத் தொழில் செய்த நம் ஊருக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல.

சிஷோம் 1912-இல் இறந்தார். காகித ஆலைகளின் கழிவால் அந்த ஆறு பின்னாளில் நாறிப்போனது. அதே ரம்ஃபோர்டில் 1914-இல் பிறந்த எட்மண்ட் மஸ்கி, செனட்டராகி, 1972-இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். அவரைப் பற்றித் தனி வீடியோ வேண்டுமென்றால், கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.