மேடை மேலாளர் யார்?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் ஆண்டு நாடகம் என்றதும் எல்லோரும் கேட்பது "யாருக்கு என்ன வேஷம்?" என்றுதான். மேடைக்குப் பின்னால் நின்று நாடகத்தை நடத்தும் மேடை மேலாளர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வேலையை ஒரு மாணவரிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டும், அரங்கேற்றத்தன்று ஆசிரியர்கள் நாம் பார்வையாளரோடு போய் உட்கார வேண்டும். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே மேடை மேலாளர் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். ஒரு பக்கம் நாடகப் பிரதி, எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள். எந்த வசனத்தில் யார் எழுந்து எங்கே போகிறார், நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது எல்லாம் அதில் ஏறும். பென்சிலால்தான் எழுத வேண்டும். இன்று வைத்த அசைவை இயக்குநர் நாளைக்கே மாற்றுவார். மேடையில் இடது வலது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது வலது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது பிடிபடவே கொஞ்ச நாள் ஆகும்.

அப்புறம் ஒளி, ஒலி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு க்யூ, அதாவது சைகை, அதற்கு ஓர் எண் உண்டு. "லைட் க்யூ 14, தயார்" என்று மேலாளர் ஹெட்செட்டில் மெதுவாகச் சொல்வார். விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் இருக்கும் மாணவி "தயார்" என்பார். குறித்த வசனத்தின் கடைசிச் சொல் விழுந்ததும் "போ". அந்த ஒரு சொல்லை வேறு எதற்கும் ஹெட்செட்டில் சொல்லக் கூடாது. வாய் தவறி வந்தால் நடுக்காட்சியில் மேடை இருண்டுவிடும். ஒரு சொல்லுக்கு இத்தனை பொறுப்பு இருக்கிறது என்பதைப் பதினாறு வயதில் வகுப்பறையில் எங்கே கற்றுக்கொள்வது?

கடைசி வாரத்தில் வரும் தொழில்நுட்ப ஒத்திகைதான் நமக்குச் சோதனை. இடையில் உள்ள வசனங்களை விட்டுவிட்டு, ஒரு க்யூவிலிருந்து அடுத்த க்யூவுக்குப் போய்ப் போய்ப் பார்ப்பார்கள். ஒரே காட்சி மாற்றம் நாலு தடவை, ஐந்து தடவை நடக்கும். நடிகர்கள் உடையோடு வேர்த்து நிற்பார்கள். நாமே ஹெட்செட்டை வாங்கிப் போட்டு முடித்துவிடலாமா என்று கை பரபரக்கும். தயவுசெய்து பொறுத்திருங்கள். அங்கே திணறிக் கற்றால்தான் அரங்கேற்றத்தன்று நிதானம் வரும்.

அந்தப் பொறுப்பில் உயிர்களும் அடங்கும். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில், பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது விளக்கிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுகள் பல பூட்டியிருந்தன. சுமார் 600 பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு நாடகம் பார்க்க வந்த குழந்தைகள் அதில் ஏராளம். ஆகவே திரை உயருமுன் ஒவ்வொரு வெளிவழியையும் மேடை மேலாளர் தானே திறந்து பார்க்க வேண்டும். யாரோ பார்த்திருப்பார்கள் என்று விடுகிற வேலை இல்லை இது.

நாடகத் தேர்வு பற்றியும் இரண்டு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் மூல நாடகங்களுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அண்மைக் கால நாடகம் என்றால், சீட்டு விற்று நடத்துமுன் உரிமை வாங்குங்கள். வசனத்தை வெட்டவும் மாற்றவும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெரிய செட் இல்லையே என்று கவலை வேண்டாம். அமெரிக்க நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டர் எழுதிய 'அவர் டவுன்' நாடகம் 1938-இல் மேசை, நாற்காலி, ஏணி போன்ற சில பொருள்களோடுதான் மேடையேறியது.

"மாணவர் கையில் விட்டால் தப்பு நடக்காதா?" என்று கேட்பீர்கள். நடக்கும். கதவு மணி ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒலிக்காது. மேடையில் இருக்கும் பிள்ளை "யாரோ வருகிற சத்தம் கேட்கிறதே" என்று சமாளித்து நாடகத்தை நகர்த்திவிடும். அந்தச் சமயோசிதம் எந்த வசனத்திலும் எழுதியிருக்காது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். இந்த ஆண்டு நடிகர் தேர்வுக்கு அறிவிப்பு ஒட்டும்போது, அதே தாளில் மேடை மேலாளருக்கும் பெயர் கேளுங்கள். வேஷம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதலாக அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அதை விரும்பி வருகிற பிள்ளையைத் தேடி எடுங்கள்.