பாலித் தீவு: தண்ணீர்ச் சங்கம், தெருச் சங்கம், கோயில் சங்கம்

[திரை: மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், மேலிருந்து]

பாலி என்றால் கடற்கரை, ஊஞ்சல், தேனிலவு. விளம்பரங்கள் காட்டுவது அவ்வளவுதான். போய் வந்தவர்கள் "அங்கேயும் நம்ம சாமிதான்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அங்கே வாழும் மக்களைப் புரிந்துகொள்ள இரண்டும் போதாது.

ஒரு பாலிக்காரரிடம் உங்கள் வயலுக்கு எந்தத் தண்ணீர், வீடு எந்தத் தெருவைச் சேர்ந்தது, எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் மூன்று சங்கங்களின் பெயர் வரும். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு, உறுப்பினர் வேறு, அபராதம் வேறு. ஒரே ஆள் மூன்றிலும் இருப்பார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றிலும் அவரோடு இருப்பார் என்று சொல்ல முடியாது. பாலியின் சமூகமே இந்தப் பின்னலில்தான் நிற்கிறது.

[திரை: வரைபடம். ஜாவா, பாலி, லொம்போக்]

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். பாலி இந்தோனேசியாவின் ஒரு மாகாணம். 1958இல் தனி மாகாணமானது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. பெரிய தீவோடு நூசா பெனிடா, நூசா லெம்போங்கான், நூசா செனிங்கான் என்ற சிறு தீவுகளும் இதில் சேரும். 8 மாவட்டங்கள், அதோடு டென்பசார் மாநகரம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 43 லட்சம். நூற்றுக்கு 86, 87 பேர் இந்துக்கள். அடுத்த பெரிய தொகை முஸ்லிம்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, மற்ற மாதங்களில் வெயில்.

தீவின் நடுவே கிழக்கு மேற்காக எரிமலை வரிசை ஓடுகிறது. அதில் உயரமான ஆகுங் மலை 3,000 மீட்டரைத் தாண்டும். 1963இல் அது வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்ணை வளமாக்கியதும் அதே எரிமலைகள்தான். ஆனால் அந்தச் சாம்பல் மண் மிருதுவானது. ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. வயல் மேலே, தண்ணீர் கீழே. பக்கத்திலேயே ஆறு இருந்தும் ஒரு குடம் தண்ணீர்கூட வயலில் தானாக ஏறாது.

அப்படியானால் என்ன வழி? ஆற்றோடு மேலே ஏறிப்போய், வயலைவிட உயரமான இடத்தில் அணை போட்டு மறிக்க வேண்டும். அங்கிருந்து கால்வாய் வெட்டி, குறுக்கே மலை வந்தால் சுரங்கம் குடைந்து, தண்ணீரைச் சரிவில் இறக்கிக்கொண்டு வர வேண்டும். பாலியின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுச் செய்திகளிலேயே சுரங்கம் வெட்டும் தொழிலாளர் தனியாகக் குறிக்கப்படுகிறார்கள். ஒரு குடும்பம் செய்துவிடக்கூடிய வேலை இல்லை இது. அதனால்தான் சுபாக் வந்தது.

[திரை: கால்வாயின் குறுக்கே கிடக்கும் கட்டை, மிக அருகில்]

சுபாக் என்பது ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறும் எல்லா வயல்காரர்களும் சேர்ந்த சங்கம். தீவில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள். ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள். கிராம எல்லைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கால்வாய்களில் வயல் வைத்திருப்பவர் இரண்டு சுபாக்கில் உறுப்பினர். தலைவர் பெயர் பெகாசே. எழுதி வைத்த சட்டத்துக்கு அவிக்-அவிக் என்று பெயர்.

தண்ணீரைப் பங்கிடும் கருவி இதோ, இந்தக் கட்டை. பெயர் தெம்புக்கு. கால்வாயின் குறுக்கே மட்டமாகப் பதித்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் பள்ளங்கள் வெட்டியிருப்பது தெரிகிறதா? எல்லாப் பள்ளங்களுக்கும் ஆழம் ஒன்றுதான். அகலம் மட்டும் பங்குக்கு ஏற்ப மாறும். இரண்டு பங்குக்காரருக்கு ஒரு பங்குக்காரரைப் போல இரு மடங்கு அகலம். ஆற்றில் நீர் குறைந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறையும், கூடினால் கூடும். மடையைத் திறந்து மூட ஆள் வேண்டாம். பங்கு சரிதானா என்று சந்தேகம் வந்தால் எவரும் விரலால் அளந்து பார்த்துக்கொள்ளலாம். மீட்டர் வைத்தால்கூட இவ்வளவு வெளிப்படையாக இருக்காது.

கெடுவதற்கும் வழிகள் உண்டு. வெள்ளத்தில் கட்டையின் ஒரு முனை இறங்கிவிட்டால் அந்தப் பக்கப் பள்ளம் அதிக நீரை இழுக்கும். பின்னால் வண்டல் சேர்ந்தால் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். இலையோ பிளாஸ்டிக் பையோ வந்து அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது குறுகிய பள்ளம்தான், அதாவது சிறு விவசாயி. இரவில் யாராவது பள்ளத்தை ஓர் அங்குலம் ஆழப்படுத்துவதும் நடக்கக்கூடியதே. கால்வாய் தூர்வாரும் நாளில் எல்லோரும் வர வேண்டும், வராதவர் அபராதம் கட்ட வேண்டும் என்ற விதியெல்லாம் இதனால்தான். இப்போது பல இடங்களில் கட்டைக்குப் பதில் கான்கிரீட். கணக்கு பழையதுதான்.

பங்கீட்டைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது: எப்போது நடுவது? மேல்சுபாக்கும் கீழ்சுபாக்கும் ஒரே வாரத்தில் நடவு செய்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் தேவைப்படும், ஆறு போதாது. ஆளுக்கொரு வாரத்தில் நட்டால் தண்ணீர் போதும், ஆனால் பூச்சிக்குக் கொண்டாட்டம். ஒரு வயல் அறுவடையானதும் அடுத்த பச்சை வயலுக்குத் தாவிவிடும். பரந்த பரப்பில் ஒரே நேரத்தில் அறுத்து, தரிசு போட்டு, நீரை நிறுத்தி வைத்தால்தான் பூச்சி இரையில்லாமல் சாகும். அந்த இடைவெளியில் வாத்துக் கூட்டத்தை இறக்குவார்கள். சிந்திய நெல்லும் புழுபூச்சியும் அவற்றுக்குத் தீவனம்.

இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை நீர்க்கோயில்களின் கூட்டங்களில் முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு அணைக்கும் ஒரு கோயில். எல்லாவற்றுக்கும் தலைமை பாத்தூர் ஏரியின் உலுன் டானு கோயில், ஏரித்தாய் தேவி டானுவின் இடம். 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது அதிகாரிகளுக்கு இது வெறும் சடங்காகத் தெரிந்தது. குறுகிய கால ரகங்களைக் கொடுத்து, முறை பார்க்காமல் இடைவிடாமல் நடச் சொன்னார்கள். விளைவு: புகையான் பூச்சியும் துங்ரோ நோயும் பரவின, தண்ணீர்த் தகராறும் பெருகியது. கோயில் அட்டவணையின் பயனை 1980களில் கணினி மாதிரி போட்டுக் காட்டியவர் மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். பின்னர் பழைய முறைக்கே திரும்பினார்கள். 2012இல் சுபாக் நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

[திரை: தெருமுனை மண்டபம், தூக்கிக் கட்டிய மர முரசு]

அடுத்தது தெரு. இதன் பெயர் பஞ்சார். திருமணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாக இதில் சேர்கிறார்கள். ஒவ்வொரு பஞ்சாருக்கும் ஒரு மண்டபம், குல்குல் என்ற குடைந்த மர முரசு. கூட்டத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, தீ விபத்துக்கு வேறு அடி. சத்தத்தைக் கேட்டே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

பஞ்சாரின் உண்மையான பலம் சாவில் தெரியும். ஙாபென் எனப்படும் தகனச் சடங்குக்குப் பெருஞ்செலவாகும். வசதியில்லாத குடும்பம் உடலை முதலில் புதைத்துவிட்டு, பிறகு பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுத் தகனத்துக்குக் காத்திருக்கும். பாடை கட்டுவது, சமையல், சுமப்பது, கமேலான் வாத்தியம் எல்லாமே தெருக்காரர்கள் பொறுப்பு. விதியை மீறிக்கொண்டே இருப்பவருக்குக் கடைசித் தண்டனை ஒதுக்கிவைப்பு. யாரும் பேச மாட்டார்கள், சாவுக்கு வர மாட்டார்கள், சுடுகாடும் மறுக்கப்படலாம். ஊர்க்கட்டுப்பாட்டின் இந்த முகத்தைச் சுற்றுலாக் கையேடுகள் காட்டுவதில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் சந்திக்கும் ஓட்டுநர்களில் பாதிப்பேர் வாயான் அல்லது மாடே என்றிருந்தால் திகைக்க வேண்டாம். பெரும்பான்மைக் குடும்பங்களில் பிறந்த வரிசைதான் பெயர்: வாயான், மாடே, ஞோமான், கெத்துத். ஐந்தாவது குழந்தைக்கு மறுபடி வாயான். ஆணுக்கு முன்னால் 'ஈ', பெண்ணுக்கு 'நி'. இடா பாகுஸ், இடா ஆயு என்று தொடங்கினால் பிராமணக் குடும்பம்.

[திரை: கோயில் வாசல், நடுவில் பிளந்தது போன்ற கோபுரம்]

இனி கோயில். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கருவறையைத் தேடி ஏமாறுவார்கள். பாலிக் கோயில் திறந்த முற்றங்களாலானது. மூலவர் சிலை கிடையாது. ஆண்டுத் திருநாளில் தெய்வங்கள் இறங்கிவந்து ஆசனங்களில் அமர்வதாக நம்பிக்கை, மற்ற நாட்களில் ஆசனம் காலி. ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது மூன்று கோயில்கள்: ஊரை நிறுவிய முன்னோருக்குப் பூரா புசே, ஊர்ச்சபைக்குப் பூரா தேசா, இறந்தவர்களுக்குப் பூரா டாலெம்.

எழுத்தில் ஓர் உறவு உண்மையாகவே உண்டு. பாலி எழுத்து, காவி எனும் பழைய ஜாவா எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு 'தமிழன் ஆண்ட பாலி' என்று வீடியோ போடுவது அபத்தம். சானூரில் நிற்கும் 914ஆம் ஆண்டுக் கல்தூண் சமஸ்கிருதமும் பழைய பாலி மொழியும் பேசுகிறது. அதில் வரும் அரசர் ஸ்ரீ கேசரி வர்மதேவர். உணவிலும் நம் கணக்கு பொருந்தாது. விருந்தில் பன்றி இறைச்சிதான் முதலிடம். சைவம் சாப்பிடுபவர்கள் சம்பலில் தெராசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது இறால் விழுது.

தெருவெல்லாம் கிடக்கும் சின்ன ஓலைத் தட்டு சனாங் சாரி. தென்னங்குருத்தை மடித்து, மூங்கில் குச்சியால் குத்திய தட்டு. இப்போது பலர் ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். நடுவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது கருமை. மேலே நறுக்கிய தாழை இலை, ஊதுவத்தி. காலையில் வைத்து, தண்ணீர் தெளித்துக் கும்பிட்டதும் சடங்கு முடிந்துவிடும். பிறகு நாய் தின்றாலும் குற்றமில்லை. நீங்கள் வேண்டுமென்றே மிதிக்காமல் இருந்தால் போதும்.

திருநாட்கள் 210 நாள் கொண்ட பாவுகோன் நாள்காட்டியில் ஓடுகின்றன. மூன்று நாள் வாரம், ஐந்து நாள் வாரம், ஏழு நாள் வாரம் எல்லாம் அதில் ஒன்றாகச் சுற்றும். அதனால் காலுங்கான் திருநாள் சில ஆண்டுகளில் இரண்டு முறை வரும். தும்பெக் லண்டெப் நாளில் கத்தி, கருவிகளோடு பைக்குக்கும் காருக்கும் படையல்; நம் ஆயுத பூஜையேதான்.

நியெபி எனும் மௌனப் புத்தாண்டு மட்டும் சக ஆண்டுக் கணக்கு. ஆங்கில ஆண்டில் 78 கழித்தால் சக ஆண்டு. 2026 மார்ச் 19 அன்று பிறந்தது 1948. முதல்நாள் மாலை ஒகோ-ஒகோ பூத உருவங்களின் ஊர்வலம். மறுநாள் காலை 6 மணி முதல் 24 மணி நேரம் நெருப்பும் வெளிச்சமும் கூடாது, வேலை கூடாது, பயணம் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையம் மூடல், ஜாவாவுக்கான படகும் நிற்கும், மொபைல் இணையமும் துண்டிப்பு. பெச்சாலாங் எனும் ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றுவார்கள். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு. சுற்றுலாப் பயணியும் விடுதி வளாகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மார்ச்சில் பயணம் என்றால் டிக்கெட் எடுக்குமுன் தேதியைப் பாருங்கள்.

[திரை: வயல் நடுவே புதிய வில்லா]

சுபாக்குக்கு இன்றைய ஆபத்து பூச்சியல்ல, பத்திரப்பதிவு. கால்வாயின் நடுவில் ஒருவர் வயலை விற்று, அங்கே வில்லா எழும்பினால், தூர்வார ஓர் ஆள் குறைகிறார். கால்வாய் அடைபட்டால் கீழே இருப்பவர் வயலும் காயும். காய்ந்ததை அவரும் விற்பார்.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் தபனான் மாவட்டத்துக்குப் போங்கள். ஜத்திலூவே வயல்களும் சுபாக் அருங்காட்சியகமும் அங்கேதான். வரப்பில் ஒற்றை வரிசையாக நடங்கள். புகைப்படத்துக்காக நாற்றுக்குள் இறங்காதீர்கள். கோயிலுக்கு இடுப்புத் துணியும் கச்சையும் கட்டாயம். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு அனுமதியில்லை. வெளிநாட்டவர் ஒவ்வொரு வருகைக்கும் 1,50,000 ருப்பியா கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி 14 முதல் இந்த விதி. விசாக் கட்டணம் தனி. லவ் பாலி தளத்தில் முன்கூட்டியே கட்டி, ரசீதை மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.