படத்தின் ஓரத்தில் ஒரு பனையோலைப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்த வாரம், என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "அம்மாச்சி, ரோட்டுப் பாலமே இல்லாத காலத்தில் எப்படிப் பள்ளிக்கூடம் போனீர்கள்?" மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு ரயில், அதை விட்டால் படகு என்று சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன்.

அதற்குள் என் அண்ணன் எடுத்த படங்கள் இருந்தன. அண்ணனிடம் அக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்று இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். அதனால் வெயில் பார்த்து, நிழல் பார்த்து, எங்களை நகர்த்தி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்துவார். உள்ளங்கை அளவுச் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கைக்கு வந்தது. பாம்பன் கரையில் நான்கு ஆசிரியைகள் நிற்கிறோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பின்புறம் ஸ்டுடியோ முத்திரையில் 1986 என்று மட்டும் இருக்கிறது.

முதலில் என் முகத்தைத்தான் பார்த்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஒல்லியாக, காதோரம் கனகாம்பரம் தொங்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சிரிப்பு என்னை உலுக்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அந்த ஆண்டுகளைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்லி வந்ததெல்லாம் பயக் கதைதான். இரண்டு கிலோமீட்டர் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர் மட்டுமே தெரியும், கண்ணை மூடிக்கொள்வேன் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் என்னுடையதுதானே! அதை எங்கே தொலைத்தேன்?

முகத்தில் விடை கிடைக்கவில்லை. அப்புறம்தான் படத்தின் ஓரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அண்ணன் குறி வைத்தது எங்கள் முகங்களுக்கு. ஓரத்தில் விழுந்தவை தாமாக வந்து சேர்ந்தவை.

எங்களுக்குப் பின்னால் மேற்கே மண்டபத்தை நோக்கி 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் ஓடுகிறது. அப்படியானால் படத்தின் வலப்பக்கம் வடக்கு. நான்கு பேரின் முந்தானையும் வலப்பக்கமாகப் பறக்கின்றன. தென்கடலிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று! ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் எடுத்த படம் இது. தேதி எழுதாத படத்துக்குக் காற்று தேதி சொல்லிவிட்டது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

ஓரத்தில் கடலுக்குள் சில தூண்கள் மொட்டையாக நிற்கின்றன. 1974-இல் அடிக்கல் நாட்டி, 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்த சாலைப் பாலத்தின் தூண்கள். அவற்றைப் பார்த்ததும் அந்த மாலைகள் வந்துவிட்டன. பள்ளி விட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கும்போது கரைக்கு வந்து, "இன்று எத்தனை தூண்?" என்று எண்ணுவோம். எண்ணிக்கையில் சண்டை வரும். தோற்றவர் சுக்குக் காப்பி வாங்கித் தர வேண்டும்.

படத்தின் மற்றொரு ஓரத்தில், பாதி உடல் வெட்டுப்பட்டு, ஒரு பெண் பனையோலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அவரை நான் அடியோடு மறந்திருந்தேன். மாலை மீன் வாங்கி, எங்கள் ரயிலிலேயே உச்சிப்புளிக்குக் கொண்டுபோய் விற்பவர். பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டு எங்களுக்கு இடம் போட்டு வைப்பார். பாலம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், தண்ணியைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்பார். மீன் வாடையும் வெற்றிலை வாடையும் கலந்த அந்தக் கை! தகரப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நடுவயதைக் கடந்தவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை அதிகமாக வருகின்றன என்று டேவிட் ரூபினும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர்களும் அதே 1986-இல் எழுதினார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் தோழமை எல்லாம் அந்த வயதில்தானே வருகின்றன. எனக்குப் பயம் மட்டும் மேலே மிதந்தது. பயத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை ஆழத்தில் கிடந்தது.

ஒரு வேண்டுகோள். உப்புக்காற்று நம் வீட்டுப் படங்களை விட்டுவைப்பதில்லை. எங்கள் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பின்னால் எடுத்த வண்ணப் படங்களின் சாயம் வெளுத்துச் செம்மை ஏறிவிட்டது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலிருந்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசைப் பக்க ஆல்பத்தில் இருப்பவற்றையும் இழுத்து உரிக்காதீர்கள். பின்புறம் எழுதுவதானால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

படத்தை எடுத்துக்கொண்டு தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தோழியிடம் போனேன். நால்வரில் இப்போது நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனவள், "இது நம்ம அக்கா" என்றாள். பெயர் அவளுக்கும் வரவில்லை. நாங்கள் இருவருமே அவரை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறோம்.

அன்று மாலை பென்சிலை எடுத்துப் படத்தின் பின்புறம் எழுதினோம்: பாம்பன் கரை, 1986, கச்சான் காலம். அதன் கீழே நான்கு பெயர்கள். ஐந்தாவது வரியில், "ஓரத்தில் இருப்பவர் எங்கள் அக்கா. உச்சிப்புளி வரை போவார்."