ஏப்ரல் 15-க்குள் எழுத வேண்டியது

டில்லித் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

பதவி உயர்வு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மத்திய அரசு ஊழியர்களை மனதில் வைத்து, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை, அதாவது ஏ.பி.ஏ.ஆர். அதிலும் நீங்களே நிரப்புகிற சுயமதிப்பீட்டுப் பகுதி. செக்‌ஷன் ஆபீசராக இருந்து நிறைய அறிக்கைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்மவர்கள் அந்த இடத்தை வீணடிக்கிறார்கள்.

'ஒதுக்கப்பட்ட பணிகளைக் குறித்த காலத்தில் செவ்வனே முடித்தேன்.' ஆளுக்கு ஆள் இதே வரிதான். படிக்கிற அதிகாரி என்ன செய்வார்? வம்பில்லாமல் நடுவில் ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். பத்துக்கு 6 வந்தால்தான் 'மிக நன்று', 8 வந்தால் 'மிகச் சிறப்பு'. 5.9 என்றால் வெறும் 'நன்று'. 10, 20, 30 வருடத்தில் எம்.ஏ.சி.பி., அதாவது பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கான சம்பள உயர்வு, தானாக வந்துவிடும் என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதற்கும் 'மிக நன்று' தேவை. அது வந்தாலும் சம்பளம்தான் ஏறும், நாற்காலி மாறாது.

நாடாளுமன்றக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, வந்துவிட்டால் செக்‌ஷனே இரவு வரை உட்கார்ந்திருக்கும். அமைச்சர் பதில் சொன்னதும் உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்பார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே குறிப்பு தயாரிக்க வேண்டும். பழைய ஃபைலைத் தோண்டி, மாநிலங்களுக்கு ஃபோன் போட்டு, கூட்டல் கழித்தலைச் சரிபார்த்து அதைத் தயாரித்தவர் நம் ஆளாக இருப்பார். இணைச் செயலாளர் கூப்பிட்டுப் பாராட்டியும் இருப்பார். டிசம்பரில் பாராட்டியது ஏப்ரலில் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? அவரே வேறு அமைச்சகத்துக்குப் போயிருக்கலாம்.

ஆகவே எழுதுங்கள். எந்தக் கேள்வி, எத்தனை மாநிலங்களின் விவரம், எந்தத் தேதியில் குறிப்பு மேலே போனது. ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனுக்களைப் பார்ப்பவர் என்றால், வந்த மனு எத்தனை, 30 நாள் கெடுவுக்குள் பதில் போனது எத்தனை, மேல்முறையீடு வரை போனது எத்தனை. நம்மை நாமே புகழ்ந்துகொள்வதா என்று கூச்சப்படுகிறார்கள். எண்ணையும் தேதியையும் எழுதுவதில் என்ன புகழ்ச்சி இருக்கிறது? மாதக் கடைசியில் டைரியில் நாலு வரி குறித்து வைத்தால் போதும், ஏப்ரலில் திண்டாட வேண்டியதில்லை. 15-ஆம் தேதிக்குள் நீங்கள் தராவிட்டால், அது இல்லாமலே மேலதிகாரி அறிக்கையை எழுதிவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. முன்பெல்லாம் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும்தான் காட்டுவார்கள். தேவ் தத் என்ற அரசு ஊழியர் தொடுத்த வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு நிலைமை மாறியது. இப்போது முழு அறிக்கையையும் உங்களுக்குக் காட்டியாக வேண்டும். கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையிடலாம். மேலதிகாரியோடு எதற்கு மனஸ்தாபம் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மதிப்பெண் குறைவு என்று தோன்றினால் எழுதிக் கொடுங்கள். கோபத்தைக் காட்டாமல், ஃபைல் எண்ணையும் தேதியையும் போட்டு ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

வணக்கம்.