தடையாணை யாரைக் காக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் குடியுரிமை குறித்து எழுந்த வழக்கு அது. ஆனால் குடியுரிமைக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அரசின் ஆணை ஒன்றைக் கீழ்நிலை நீதிபதி ஒருவர் யார் யாருக்காகத் தடுத்து நிறுத்தலாம் என்பதை மட்டுமே ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது.

அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அந்த ஆணையில் கையெழுத்திட்டார். தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ அங்கே தங்கியிருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை குடிமகன் ஆகாது என்றது ஆணை. எச்-1பி விசாவில் சென்று, கிரீன் கார்டுக்கான வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் ஊர்க் குடும்பங்களும் இதில் அடங்கும் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள்.

அந்நாட்டில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குடிமக்களே என்று 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்ற 1857ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் துடைத்தெறிய வந்த திருத்தம் இது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரும் இதன்படி குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் 1898இல் கூறிவிட்டது. ஆகவே ஆணை வெளியான மூன்றாம் நாளே, டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ரீகன் நியமித்த நீதிபதியான ஜான் கஃபனவர், இது அரசியல் சட்டத்துக்கு அப்பட்டமாக முரணானது என்று சியாட்டிலில் தடை விதித்ததில் வியப்பில்லை. மேரிலாந்து, மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களும் நாடு முழுமைக்கும் பொருந்துமாறு தடை விதித்தன.

இந்தக் கட்டத்தில் அரசு எடுத்த வழிதான் கூர்ந்து பார்க்கத்தக்கது. ஆணை செல்லுமா என்று அது உச்ச நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டும் தடை இருக்கட்டும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்றது. கீழ் நீதிமன்றங்களில் தோற்றுக்கொண்டே இருக்கும் அரசு, மேல்முறையீடே செய்யாமல் மற்ற எல்லோர் மீதும் ஆணையைச் செலுத்திக்கொண்டு போகலாமே, பிறகு இந்தக் கேள்வி எங்களிடம் எப்படி வரும் என்று நீதிபதி எலெனா கேகன் மே மாத விசாரணையில் கேட்டார். அதற்கு நிறைவான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி பேரட். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் வழங்கிய அதிகாரம், அக்கால இங்கிலாந்து நீதிமன்றங்களிடம் இருந்த அதிகாரத்தை ஒத்ததே என்றும், வழக்காடியவருக்கு முழு நிவாரணம் தருவதோடு அது நின்றுவிடுகிறது என்றும் அவர் வாதிட்டார். இரவெல்லாம் இசையை அலறவிடும் அண்டைவீட்டார் மீது ஒருவர் வழக்குத் தொடுத்து வென்றால், ஓசையைக் குறைக்கச் சொல்லும் உத்தரவால் தெருவே நிம்மதி அடையும். ஆனாலும் அந்த உத்தரவைக் காட்டி உரிமை கோரக்கூடியவர் வழக்குத் தொடுத்தவர் ஒருவரே என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு.

இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 94 கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. தனக்கு இசைவான நீதிபதியைத் தேடிப்பிடித்து வழக்குத் தொடுப்பது இரு கட்சியினருக்கும் பழகிப்போன உத்தி. ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் ஒன்றை 2015இல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் நாடு முழுவதும் முடக்கியபோது இதே குறையைச் சொன்னவர்கள் எதிர்த்தரப்பினர். ஆனால் குடியுரிமை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடக்கூடிய பொருளன்று. வழக்குத் தொடுத்த 22 மாநிலங்களில் பிறந்த குழந்தை குடிமகன், மீதி 28இல் பிறந்தது குடிமகன் அல்ல என்ற நிலை வரக்கூடும் என்பதே அன்றைய அச்சம். பாதிக்கப்படுபவரோ பிறந்த குழந்தை. அது வழக்கறிஞரைத் தேடிப் போக முடியாது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயரின் கடுஞ்சொற்களை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது. ஒரே நிலையில் உள்ள பலருக்காகச் சிலர் தொடுக்கும் குழு வழக்குதான் அது. தீர்ப்பு வெளியான சில மணி நேரத்திலேயே அத்தகைய வழக்கு நியூ ஹாம்ப்ஷயரில் தாக்கலாயிற்று. பிப்ரவரியில் தன் தடையை வழக்குத் தொடுத்த அமைப்புகளின் உறுப்பினர்களோடு நிறுத்திக்கொண்ட அதே நீதிபதி ஜோசப் லப்லாண்ட், ஜூலை 10 அன்று, பிப்ரவரி 20 முதல் பிறந்த, இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளை ஒரு குழுவாக ஏற்றுத் தடை விதித்தார். பெற்றோரை அவர் குழுவில் சேர்க்கவில்லை. குழு வழக்கைத் தளர்வாக ஏற்றால் பழைய நாடு தழுவிய தடையே வேறு பெயரில் திரும்பி வந்துவிடும் என்று நீதிபதி சாமுவேல் அலிட்டோ முன்கூட்டியே எச்சரித்திருந்ததை நினைத்தால், லப்லாண்ட் காட்டிய கவனம் புரியும். அந்த வழக்கின் வழியாகவே ஆணை செல்லுமா என்ற கேள்வி மேலே சென்றது. அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

இந்தக் குழந்தைகளுக்கு அந்த வாசல் பயன்பட்டதற்குக் காரணம், அனைவரின் நிலையையும் ஒரே சட்டக் கேள்வி தீர்மானித்ததுதான். பெற்ற குடியுரிமையைப் பறிக்க அரசு தனித்தனியே வழக்குத் தொடுக்கும்போதும், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒருவரின் பிறப்புச் சான்றிதழை அதிகாரி ஐயுறும்போதும் ஒவ்வொருவருடைய ஆவணமும் வேறு, வரலாறும் வேறு. அவர்களை ஒரு குழுவாக ஏற்கச் சொல்லி நீதிபதியை இணங்க வைப்பது மிகக் கடினம். அத்தகையோர் தனியாகத்தான் வழக்காட வேண்டும், செலவையும் தாமே ஏற்க வேண்டும்.