மானின் கன்னத்தில் ஏன் இந்தக் கட்டி?

[காட்சி: வெள்வால் மானின் முகம், இடது கன்னம் மட்டும் புடைத்திருக்கிறது]

மாடு வளர்ப்பவர்கள் இத்தகைய வீக்கத்தைக் கண்டால், 1877-இல் ஜெர்மனியில் பொலிங்கர் மாட்டின் தாடையில் விவரித்த ஆக்டினோமைகோசிஸ் என்னும் பாக்டீரியா நோயைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலினா போன்ற தென்கிழக்கு மாநிலங்களின் காட்டு மான்களில், இந்தக் கட்டியைக் கீறினால் பெரும்பாலும் வெளிவருவது மென்றும் விழுங்கப்படாமல் பொதிந்துபோன இலைதழைகளே.

[காட்சி: கீழ்த்தாடை எலும்பு, நெருக்கத்தில்]

மானுக்கு மேல்தாடையில் முன்வெட்டுப் பற்கள் கிடையாது. கிள்ளிய தழையை அரைத்து, பிறகு அசைபோடும் வேலை முழுவதும், தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் ஆறாறாக அமைந்த கடைவாய்ப் பற்களின் மீதே விழுகிறது. ஈறு நலிந்து பல் ஆடத் தொடங்கினால், பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே தழை அடைகிறது. அது அழுகி, வாயிலேயே வாழும் பாக்டீரியாக்கள் எலும்புக்குள் இறங்குகின்றன. இந்த எலும்பைப் பாருங்கள்: பல் விழுந்த குழியின் ஓரம் கறையான் அரித்த மரம்போலச் சொரசொரப்பாக இருக்கிறது. பல் போனால் சொல் போச்சு என்பது மனிதர்களுக்கு. மானுக்கோ பல் போனால் தீனியே போயிற்று.

ஈறு நலிவதற்கு முதுமையும் வாய்க்காயமும் காரணமாகலாம். எனினும் இப்பகுதி மான்களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த ஒரு முக்கியக் காரணம் வாய்க்குள் இல்லை, கழுத்தில் இருக்கிறது. எலியோஃபோரா ஷ்னைடெரி என்ற நூல்போன்ற புழு, தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனிகளில் குடியேறி ஓட்டத்தைக் குறைப்பதால், வாயின் திசுக்கள் ஊட்டமின்றித் தளர்கின்றன. அதன் குஞ்சுப்புழுக்கள் மானின் தலைத்தோலில் உள்ள நுண்குழாய்களில் காத்திருக்கும். இரத்தம் குடிக்கும் பெரிய மாட்டு ஈக்கள் அங்கே கடிக்கும்போது அவற்றையும் உறிஞ்சி, ஏறத்தாழ இரண்டு வாரம் தம் உடலில் வளர்த்து, அடுத்த மானிடம் சேர்க்கின்றன.

வியப்பு என்னவென்றால், மேற்குப் பகுதி மியூல் மான்கள் இதே புழுவைப் பெரிய தொல்லையின்றிச் சுமக்கின்றன. பழக்கமில்லாத எல்க் மான்களையோ அது குருடாக்கிக் கொல்லவும் கூடும்.

[காட்சி: மேசைமேல் வெட்டித் திறந்த தமனி]

ஆகவே, கன்னம் வீங்கிய மான் பரிசோதனைக்கு வரும்போது தாடையை மட்டும் பார்த்தால் போதாது. கழுத்துத் தமனியை நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஒட்டிக் கிடக்கும் வெண்ணிறப் புழுக்களையும் தேட வேண்டும்.